பதினோரு குத்து

ஜூன் 2

மேளக்காரருக்கு,

நீங்கள் உயிரோடு இருப்பது போன வாரம்தான் தெரிந்தது. நம் ஊர் லாரி டிரைவர் வயிற்று வலிக்கு நீங்கள் இருக்கும் ஊர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தார். விரிப்பு மாற்ற வந்த ஆளை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டாராம். "இடது புருவத்துல அதே தழும்பு. ஒரு வார்த்தை பேச ஒம்பது தடவை யோசிக்கிற அதே ஆளு. அங்க துணி வெளுக்கிறார்" என்றார். என் தையல் கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் கையிலிருந்த சட்டைக்குத் தப்பான இடத்தில் காஜா எடுத்துவிட்டேன்.

சண்டை போட எழுதவில்லை. சண்டைக்கு இருபத்துநாலு வருஷம் காத்திருக்க எனக்கு என்ன பைத்தியமா? வேலையாக எழுதுகிறேன். செப்டம்பர் 14 அன்று, மில்லில் மரம் அளந்துகொண்டிருந்த அண்ணன் செத்து இருபத்தைந்து வருஷம். அவர் பேரில் நடக்கும் அளவுக்காரர் பாட்டு விழாவுக்கும் இது இருபத்தைந்தாவது. விழா வரலாறு என்று ஒரு சிறு புத்தகம் போடுகிறோம். எழுதுவது நான். அவர் தங்கை என்பதாலும், விழாக் கமிட்டித் தலைவரின் மனைவி என்பதாலும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆமாம், மேஸ்திரியைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். உங்கள் காதுக்கு எட்டியிருக்கும்.

எழுத உட்கார்ந்தால் எல்லாம் அடிதடியாக இருக்கிறது. மூன்றாம் வருஷம் மில் முதலாளியின் ஆட்கள் கல்லெறிந்து ஆறு பேருக்குத் தலையில் தையல். ஏழாம் வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பாடகர் ஒருவர் மேடை ஏறி, 'அளவுக்காரர் எழுதின இன்னொரு பாட்டு எங்க அப்பாவுக்குத் தெரியும்' என்று ஆரம்பித்தார். இரண்டு வரிகூட முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஏறிப் போய் வாயிலேயே குத்தினார். இரண்டு பல் மைக்குக்குக் கீழே கிடந்தன, நான்தான் பொறுக்கினேன். பன்னிரண்டாம் வருஷம் நாலாவது கழியை யார் பிடிப்பது என்று இரண்டு குடும்பம் மோதி ஒருவருக்குக் கண் போயிற்று. பத்தொன்பதாம் வருஷம் மேடையே எரிந்தது. இதற்கு நடுவில் பாட்டும் பாடினார்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இப்போது என் கேள்வி. விழாவின் முடிவில் பதினாறு பேர் மரம் உருட்டும் கழியோடு வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் அண்ணன் உட்கார்ந்து பாடின அடிமரத் துண்டு காலியாக இருக்கும். மேளம் அடிக்க அடிக்க, இரும்புப் பூண் போட்ட நுனியால் தரையில் பதினோரு குத்து. ஏன் பதினொன்று? அண்ணன் எழுதியது பதினோரு பாட்டு, அதனால் என்பது கமிட்டியின் பதில். கல்யாணமான இரண்டாம் வருஷம் சாப்பிடும்போது நானும் என் வீட்டுக்காரரிடம் விளையாட்டாக இதைக் கேட்டேன். தட்டு சுவரில் போய் விழுந்தது, அடுத்து என் கன்னத்தில் அறை விழுந்தது. அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் வருஷம் மேளம் அடித்தது நீங்கள். மறுநாள் காலையில் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறினதும் நீங்கள். தெரிந்ததை எழுதுங்கள்.

அளவுக்காரர் தங்கை


ஜூன் 15

மேஸ்திரி வீட்டம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதினோரு பாட்டு, பதினோரு குத்து. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் மேளம் தொட்டு வெகுகாலம் ஆகிறது. இங்கே கொதிகலன் பக்கத்தில் வேலை. நல்ல வேலை. ரத்தக் கறை விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், வெந்நீரில் போட்டால் கறை நின்றுவிடும். இதுபோல ஏதாவது கேட்டால் சொல்கிறேன்.

இனி எழுத வேண்டாம். விழா நன்றாக நடக்கட்டும்.

மேளக்காரர்


ஜூன் 24

மேளக்காரருக்கு,

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா உங்களுக்கு? அப்போதும் இப்படித்தான். அண்ணன் செத்து ஒரு வருஷம், வாரத்தில் மூன்று நாள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். நம் கல்யாணத்தை எப்போது வைக்கலாம் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் தரையைப் பார்த்தீர்கள். துக்கத்தில் இருக்கிறார் என்று நாங்கள்தான் உங்களுக்காகப் பேசினோம்.

சரி, போன கடிதத்தில் நானும் ஒன்றை மறைத்தேன். இப்போது சொல்கிறேன்.

அண்ணனின் கோட்டு விழாக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்துப்பூச்சி அரித்திருக்கிறது என்று சரிசெய்யக் கடைக்கு எடுத்து வந்தேன். அது அம்மா தைத்த கோட்டு. அம்மாவின் தையல் எனக்குத் தெரியும், அரிசி வைத்த மாதிரி ஒரே சீராக இருக்கும். இடது பக்க உள்துணியில் ஒரு சாண் நீளம் மட்டும் ஆம்பிளை கை போட்ட தையல், தாறுமாறாக இருந்தது, அண்ணன் போட்டதாகத்தான் இருக்கும். பிரித்தேன். மில்லில் மரம் அளக்கும் சீட்டுகள் உள்ளே இருந்தன. முன்பக்கம் மரத்தின் நீளம், சுற்றளவு, மில் முத்திரை, தேதி. பின்பக்கம் பாட்டு. எண்ணினேன். பதினான்கு.

நீங்களும் கமிட்டியும் பதினொன்று பதினொன்று என்று ஒரே குரலில் சொல்கிறீர்கள். யாரும் பாடாத மூன்றில் ஒன்று அம்மாவைக் கேலி செய்வது, ஒன்று பாதியில் நிற்கிறது. கடைசியது மில் எழுத்து எதுவும் இல்லாத வெற்றுச் சீட்டு, பாட்டுக்குக் கீழே அண்ணன் போட்ட தேதி செப்டம்பர் 14. அவர் செத்த அன்று எழுதியது. அப்படியே எழுதுகிறேன்:

கொட்டகைக்கு வெளிய பூட்டு, உள்ள ஒரு இருமல் கேட்டு
தீக்குச்சியைக் கிழிச்சவரே, தெரிஞ்சுதானே கிழிச்சீரு?
மரம் எரிஞ்சா மரம் முளைக்கும், மனுசன் எரிஞ்சா யாரு முளைப்பா?
முதல் கழி பிடிக்கிற மேஸ்திரியே, எழுந்து நில்லும், எழுந்து நில்லும்.

அந்த வருஷ வேலைநிறுத்தத்தின் முப்பதாம் நாள் மில்லின் மரக்கொட்டகை எரிந்தது, உள்ளே காவலாளி கருகினார். முதலாளியே காப்பீட்டுக்காக எரித்தார் என்றுதான் இன்றுவரை ஊர் பேசுகிறது. முதல் கழி பிடிப்பவர் என் வீட்டுக்காரர். வேறு மேஸ்திரி நம் ஊரில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அன்றைக்கு அண்ணன் இதைப் பாடினாரா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். இதற்கும் கறை எடுக்கும் வழி எழுதினால், அடுத்த பஸ்ஸில் நானே அங்கே வந்து நிற்பேன்.

அளவுக்காரர் தங்கை


ஜூலை 8

ஊசிக்கு,

பாடினான்.

இதற்குமேல் எழுத ஒரு வாரம் ஆயிற்று. நான்கு தாளைக் கொதிகலனில் போட்டேன்.

உனக்கு வழக்கம் தெரியும். புதுப் பாட்டு எதுவானாலும் ஊருக்கு முன்னால் கழிக்காரர்கள் பதினாறு பேருக்குத்தான் முதலில் பாடிக் காட்டுவான். மரவாடிக்குப் பின்னால் அவன் அடிமரத்தில் உட்காருவான், அவர்கள் கழியோடு சுற்றி உட்காருவார்கள், நான் ஓரத்தில் மேளத்தோடு இருப்பேன். பாட்டில் யாரைச் சொல்கிறானோ அந்த ஆள் எழுந்து முன்னால் வந்து, அடி முடியும்வரை நிற்க வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள். என்னையும் இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறான். கோபித்துக்கொண்டவர் யாரும் கிடையாது.

கொட்டகைக்கு மேஸ்திரி தீ வைத்ததை உன் அண்ணன் அளவு மேடையிலிருந்து கண்ணால் பார்த்தான். காவலாளியின் இருமல் ஊருக்கே தெரியும். அந்த இருமல் கேட்ட பிறகுதான் மேஸ்திரி குச்சியைக் கிழித்தான். இதை உன் அண்ணன் போலீசில் சொல்லவில்லை. மேஸ்திரியிடமே போய், பத்து நாள் தருகிறேன், நீயே போய்ச் சொல்லிவிடு என்றான். சொன்னால் வேலைநிறுத்தம் உடைந்துவிடும் என்பது மேஸ்திரியின் பதில். பதினோராம் நாள் உன் அண்ணன் பாட்டு எழுதினான். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் பாடுவதாக இருந்தான். அதற்கு முன்னால் கழிக்காரர்களுக்குப் பாடினால் மேஸ்திரி நாலு பேர் முன்னால் தலை குனிவான், அதுவே போதும் என்று நினைத்தான். வரும் வழியில் என்னிடம் சொன்னான்.

சாயங்காலம் நாலு மணி. நல்ல வெயில். "எழுந்து நில்லும்" என்று வந்ததும் மேஸ்திரி எழுந்தான். முன்னால் வந்தான். நான் மேளத்தில் வழக்கமான அடியைப் போட்டேன். அந்த அடிக்குக் கழி தரையில் விழ வேண்டும். மேஸ்திரியின் கழி உன் அண்ணன் தலையில் விழுந்தது.

உன் அண்ணன் சிரித்தான். கைதவறிப் பட்டதாக நினைத்திருப்பான். அந்தச் சிரிப்போடுதான் இரண்டாவது அடியையும் வாங்கினான். மூன்றாவதுக்கு அடிமரத்திலிருந்து சரிந்தான். பிறகு இன்னும் ஐந்தாறு பேர் கழியைத் தூக்கினார்கள். "காட்டிக் குடுக்கப் பாக்குறான்" என்று யாரோ கத்தினார்கள். பூண் எலும்பில் படும் சத்தம் தரையில் படும் சத்தம் மாதிரி இருக்காது. மற்றவர்கள் மரம் மாதிரி நின்றார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மேளம் அடித்தேன். நிறுத்தவில்லை. நிறுத்தினால் என் பக்கம் திரும்புவார்கள் என்று பயந்தேனா, கை தானாக ஓடியதா, இன்றுவரை தெரியவில்லை. நான் அடித்தேன், அவர்கள் அடித்தார்கள். பதினொன்று. முதல் அடியும் மேஸ்திரியுடையது, கடைசி அடியும் மேஸ்திரியுடையது.

மில் வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். முதலாளியின் ஆட்கள் கொன்றார்கள் என்றார்கள். ஊர் கொதித்தது. ஒன்பதாம் நாள் முதலாளி இறங்கி வந்தார், வேலைநிறுத்தம் ஜெயித்தது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "நீயும்தாண்டா அடிச்சே."

அடுத்த வருஷம் முதல் விழா. கடைசிப் பாட்டு முடிந்தது, கழிக்காரர்கள் காலி அடிமரத்தைச் சுற்றி நின்றார்கள். மூன்று குத்தோடு முடிப்பதாகத்தான் பேச்சு. என் கை நிற்கவில்லை. பதினொன்றில் போய்த்தான் நின்றது. பதினாறு பேரும் கூடவே குத்தினார்கள், ஒருவன்கூட எண்ணிக்கை தவறவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஊர் கைதட்டியது. மறுநாள் நான் பஸ் ஏறினேன். அதை வழக்கமாக்கிவிட்டார்கள் என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

மேளக்காரர்


ஜூலை 16

ஊசி என்று கூப்பிட உங்களுக்கு உரிமை இல்லை. அதை அந்த பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள்.

ஒரு வருஷம் என் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தீர்கள். கொன்றவன் தினமும் காலையில் கடை வாசலில் நின்று அம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனான், நீங்கள் ஸ்டூலை நகர்த்தி வழிவிட்டீர்கள். அண்ணனின் உடம்பை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். வாசலில் நின்று குழந்தை மாதிரி அழுதான். அந்த அழுகையைப் பார்த்துத்தான் நான் கழுத்தை நீட்டினேன். இருபத்திரண்டு வருஷம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நமக்கு விழாதான் பிள்ளை என்பான், நானும் உச்சி குளிர்ந்து போவேன். நீங்கள் ஒரே ஒரு வரி, தபால் அட்டையில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இன்னொன்று கேளுங்கள். அன்றைக்கு நாலு மணிக்கு நான் கடையில் இருந்தேன். மேளச் சத்தமும் குத்துச் சத்தமும் கேட்டன. "இன்னைக்குப் பாட்டு நல்லா ஏறியிருக்கு" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தச் சிரிப்புதான் கண் முன்னால் நிற்கிறது.

நேற்று மதியம் மேஸ்திரி சாப்பிட்டுப் படுத்திருந்தான். (இனி அவர் என்று எழுதக் கை வரவில்லை.) வாயைத் திறந்துகொண்டு தூக்கம். என் கையில் துணி வெட்டும் பெரிய கத்தரி. அவன் கழுத்தளவு பதினாறரை, எத்தனை சட்டைக்கு நானே எடுத்திருக்கிறேன், எந்த இடம் மெல்லியது என்று எனக்குத் தெரியும். கத்தரியை விரித்துத் தொண்டைமேல் வைத்தேன். தோல் குழிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முடிந்தது. அப்படியே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடையில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன். எழுந்ததும், கழுத்தில் ஏதோ கடித்திருக்கிறது என்று சிவப்புக் கோட்டைத் தடவிக்கொண்டு என்னிடமே எண்ணெய் கேட்டான். தேய்த்துவிட்டேன்.

கொன்றிருந்தால் ஊர் இரண்டாவதாக ஒரு விழா எடுக்கும், அவன் பேரில். அதுதான் என் கையைப் பிடித்தது.

உங்களை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.


ஜூலை 29

நீ திட்டியதில் ஒரு எழுத்துகூட அதிகம் இல்லை.

போலீசுக்குப் போகிறேன். இன்ன தேதி, இன்ன மணி என்று எல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். நானும் அடித்தேன் என்பதையும் சேர்த்து. என்னை உள்ளே போட்டால் நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் ஊரில் எவன் நம்புவான்? ஓடிப்போன மேளக்காரன், மேஸ்திரி மேல் பொறாமை, தனக்கு நிச்சயித்த பெண்ணை அவன் கட்டிக்கொண்டான் என்று சொல்வார்கள். கழிக்காரர்களில் மேஸ்திரியைத் தவிர உயிரோடு இருப்பது ஏழு பேர் என்று டிரைவர் சொன்னார். ஏழு பேரும் வாயைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சாவைச் சொல்லித்தான் எல்லோருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்கே துணி அழுத்தும் மெஷின் ஒன்று இருக்கிறது. மேல்தட்டு டமார் என்று இறங்கும். அதில் என்னைப் போட்டார்கள், பதினோரு தடவைக்குமேல் அதைப் பார்த்து நிற்க முடியவில்லை. மேனேஜர் காலில் விழுந்து கொதிகலன் பக்கம் மாற்றிக்கொண்டேன். அன்றைக்கு மேளத்தை நான் நிறுத்தியிருந்தால் அவர்களும் நிறுத்தியிருப்பார்கள். முதல் அடி அவனுடையதாக இருக்கலாம். மீதிப் பத்தையும் என் கைதான் கூப்பிட்டது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேளக்காரர்


ஆகஸ்ட் 9

மேளக்காரருக்கு,

சந்தேகமே இல்லை என்கிறீர்கள். நான் அளவுக்காரர் தங்கை. கண்ணால் அளந்ததை எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. டேப் வைத்துப் பார்த்துவிடுவோம்.

செப்டம்பர் 14 அன்று வாருங்கள். இருபத்தைந்தாம் வருஷம் என்பதால் முதல் விழாவில் மேளம் அடித்தவரே வருகிறார் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். மேஸ்திரி முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு, "வரட்டும், நம்ம ஆளுதானே" என்றான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா.

பதினோராவது பாட்டு முடிந்து கழிக்காரர்கள் வட்டமாக நின்றதும் நான் உள்ளே போவேன். அடிமரத்தில் உட்காருவேன். பதினான்காவது பாட்டைப் பாடுவேன். எனக்குக் குரல் சுமார்தான், ஆனால் வரி புரியும். "எழுந்து நில்லும்" என்றதும் நீங்கள் மேளத்தை அடியுங்கள். மூன்று அடி. முதல் விழாவில் எத்தனையோடு முடிப்பதாகப் பேசினார்களோ அத்தனை. மூன்றில் கையை எடுத்துவிடுங்கள்.

பழைய ஏழு பேரும் வட்டத்தில் இருப்பார்கள். மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யார் நிறுத்துகிறார்கள், யார் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். ஊருக்கும் தெரிய வேண்டும்.

வர முடியாது என்றால் இந்தத் தடவை சொல்லிவிட்டு வராமல் இருங்கள்.

அளவுக்காரர் தங்கை


ஆகஸ்ட் 20

உனக்கு மூளை பிசகிவிட்டதா? அந்த அடிமரத்தில் உட்கார்ந்து அந்த வரியைப் பாடினால் அவன் உன்னைக் கொன்றுவிடுவான். மூவாயிரம் பேரும் அதையும் சேர்த்துக் கைதட்டுவார்கள். உன் அண்ணன் மாதிரியே நினைக்கிறாய். நாலு பேர் முன்னால் மனிதன் வெட்கப்படுவான் என்று அவனும் நினைத்தான்.

இதை எழுதி நாலு நாள் கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன்.

இங்கே வாசல் காவலாளியின் மருமகன் ஒரு குழுவில் மேளம் அடிக்கிறான். அதை இரவல் வாங்கி மடியில் வைத்துப் பார்த்தேன். விரல் எல்லாம் வெந்நீரில் ஊறி ஊறி வழவழவென்று ஆகிவிட்டது, ஆனால் அடி வந்தது. வரக்கூடாது என்று நினைத்தேன், வந்தது. மூன்றில் நிறுத்திப் பழகினேன். முதல் நாள் முடியவில்லை. ஏழு வரை ஓடியது. இப்போது நிற்கிறது.

வருகிறேன். ஒன்று மட்டும் கேள்: கையைத் தலைக்குமேல் வைத்துக்கொள். உன் அண்ணன் வைக்கவில்லை.

மேளக்காரர்


அக்டோபர் 11

மேளக்காரருக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கை. ஐந்து நாளாக எழுதுகிறேன்.

உங்களுக்கு நாலு விலா எலும்பும் தாடையும் போயின என்றும், நீங்கள் விரிப்பு மாற்றும் அதே வார்டில் உங்களைப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்றும் டிரைவர் சொன்னார். மேளம் நின்றதுமே கமிட்டி ஆட்கள் பின்னாலிருந்து பாய்ந்துவிட்டார்களாம், அதற்குப் பிறகு நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாதாம். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் உட்கார்ந்ததும் கூட்டம் கைதட்டியது, தங்கச்சி அஞ்சலி செலுத்துகிறது என்று. மூன்றாவது வரியில் சத்தம் அடங்கிவிட்டது. கடைசி வரியில் மேஸ்திரியைப் பார்த்துத்தான் பாடினேன். அவன் முன்னால் வந்தான். பழக்கதோஷம், வந்து நின்றான். முகத்தில் கோபம் இல்லை, தொலைத்த சாமானைக் கண்ட மாதிரி இருந்தது.

முதல் அடிக்குப் பதினாறு கழியும் தரையில் விழுந்தன. இரண்டாவதுக்குப் பதினாலு. மூன்றாவதுக்கு ஒன்பதோ பத்தோ. பிறகு மேளம் நின்றது. கழிகளும் நின்றன, ஒன்றைத் தவிர. என் கை தலைக்குமேல் இருந்தது, நீங்கள் சொன்னதைக் கேட்டேன். முதலில் மணிக்கட்டு உடைந்தது. இரண்டாவதில் விரல்கள். மூன்று விரல் இனி மடங்காது, கத்தரி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்ததற்கு அவன் கழியைத் தூக்கினபோது பழைய நாலாம் கழிக்காரர், ஒற்றைக் கண் கிழவர், தன் கழியைக் கீழே போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தார். "போதும் மேஸ்திரி. அன்னைக்கும் அளவுக்காரரை இப்படித்தான் அடிச்சோம்" என்றார். மைக் பக்கத்தில் இருந்தது. மூவாயிரம் பேருக்கும் கேட்டது.

பிறகு நடந்தது சுத்த ரகளை. கழிக்காரர்கள் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்தார்கள். மேடையில் ஒரு கட்டைகூட மிஞ்சவில்லை. மேஸ்திரியைப் போலீஸ் வண்டியில் ஏற்றும்போது செருப்பால் அடித்தவர்களும் உண்டு, வண்டிக்கு முன்னால் படுத்து மறித்தவர்களும் உண்டு. நாலாம் கழிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள். மீதி நாலு பேருக்கு எதுவும் ஞாபகம் இல்லையாம்.

என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பாதி ஊர் என் கடைக்கு வருவதில்லை. கண்ணாடியை உடைத்து உள்ளே சாணி எறிந்திருக்கிறார்கள். அவர்கள் அப்பா ஜெயித்த வேலைநிறுத்தத்தை நான் அசிங்கப்படுத்திவிட்டேனாம். எறியட்டும். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. முதல் பக்கத்தில் பதினான்கு பாட்டு என்றும், அண்ணனைக் கொன்றது யார் என்றும் எழுதியிருக்கிறேன். பதினோரு குத்துக்கு ஒரு பக்கம் தனியாக. அடுத்த வருஷம் யார் வந்தாலும் வராவிட்டாலும் விழா உண்டு. கழி கிடையாது. மேளம் உண்டு. அடிப்பது யார் என்று நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை, வர நினைப்பவர் வரலாம்.

நீங்கள் ஓடிப்போனதை நான் மன்னிக்கவில்லை. வாயைத் திறக்காமல் என்னை அவன் வீட்டுக்கு அனுப்பியது உங்கள் மேல்தான் இருக்கிறது, சாகும்வரை இருக்கும். ஆனால் உங்கள் மேல் இல்லாத ஒன்றை இருபத்தைந்து வருஷமாகச் சுமக்கிறீர்கள். அதை இறக்கிவைக்கத்தான் இந்த இடது கைக் கடிதம்.

நீங்கள் மூன்றில் நிறுத்தினீர்கள், நான் எண்ணினேன். என் கையில் விழுந்தது நாலாவதும் ஐந்தாவதும். இரண்டுக்கும் மேளம் இல்லை.

ஊசி